பெஸாஹ் ரசம்

மூன்றாவது தடவையாக அரிசி பார்க்க உட்கார்ந்த தெய்வானைக்கு அரிசி மேல் கண்ணே போகவில்லை. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. மாசி மாதம்தான் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அதிலிருந்து எதிர் வீட்டு மாடியில் காயும் புடவையின் பார்டர்கூடப் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பாழாய்ப்போன பளிச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பழைய கண்ணாக இருந்திருந்தால் இன்றைக்குக் காலையில் புதுப் பெருங்காய டப்பாவைத் திறக்குமுன் அதன் பின்பக்கத்தில் எறும்பு சைஸில் அச்சடித்திருந்ததைப் படித்திருப்பாளா? படித்தாள். மைதா மாவு, கோந்து, பெருங்காயம் என்று போட்டிருந்தது. மைதா முதல் ஆளாக, பெருங்காயம் கடைசியில் ஒட்டிக்கொண்டு. இன்னொரு தடவை படித்தாள், கண்ணாடியைக் கழற்றிப் படித்தாள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தாள். எத்தனை தடவை படித்தால் என்ன, மைதா மைதாவாகத்தான் இருந்தது. இப்போது அந்த டப்பா அவள் மடியில், முந்தானைக்கு அடியில் இருக்கிறது. மணி ஒன்பது ஐந்து. மொட்டைமாடியில் அவள் வீட்டுக்காரர் எலியாகு செங்கல் அடுக்குகிற சத்தம் கேட்கிறது. பதினொரு மணிக்குள் வீட்டில் மிச்சமிருக்கிற ரொட்டித் துணுக்கு, மாவுத்தூள் எல்லாவற்றையும் அவர் அங்கே எரித்தாக வேண்டும். இன்றைக்குப் பொழுது சாய்ந்தால் பெஸாஹ் பண்டிகை. அதற்குள் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்தாக வேண்டும்.

சரி, முதலில் அரிசியைப் பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தில் ஒரு கைப்பிடி கொட்டி, ஒற்றை விரலால் ஒவ்வொரு மணியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளவேண்டும். தப்பித்தவறி ஒரு கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பாடு. எட்டு நாளைக்குப் புளித்த மாவு வீட்டில் இருக்கக்கூடாது. கோதுமையில் ஈரம் பட்டால் அது புளித்தது என்று கணக்கு. முன்னோர்கள் எகிப்திலிருந்து விடுதலையாகி ஓடியபோது மாவு புளிக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை, அதனால் நாமும் புளிக்காததைத்தான் தின்கிறோம் என்று எலியாகு வருஷா வருஷம் சொல்வார். கோயமுத்தூரில் இந்தத் தெருவில் யாருக்கு இது புரியும்? எலியாஸ் சார், எலியாஸ் சார் என்று கூப்பிட்டு டிசம்பரில் அவருக்கு கேக் கொண்டுவந்து கொடுக்கிற தெரு. நாங்கள் வேதக்காரர் இல்லீங்க, யூதர் என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்து, கேக்கை வாங்கி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். கொச்சியில் அவருடைய ஆட்கள் அரிசியை மூன்று தரம் பார்ப்பார்கள். தெய்வானையும் மூன்று தரம் பார்ப்பாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் விரலுக்கு அகப்பட்டது மொத்தம் நாலே நாலு கோதுமை. நாலாவது கிடைத்த அன்றைக்கு அதை ஒரு தட்டில் வைத்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள், அவரும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார், தெய்வா உன் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள வராது என்றார். அடப்பாவி மனுஷா. அரிசியில் ஒற்றைக் கோதுமையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அதே ராத்திரி ரசத்தில் மாவைக் கொட்டிக் கலக்கி அவருக்கு ஊற்றியிருக்கிறாள். சும்மாவும் இல்லை, பழைய டப்பாவில் சமையல் கை பட்டிருக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் புது டப்பா வாங்கி, பரணிலிருந்து இறக்கிய பெஸாஹ் பாத்திரங்களோடு தனியாக மூடி வைத்து, பெருமையாக.

எந்த மணி வரைக்கும் பார்த்தாள்? தெரியவில்லை. பார்த்ததையும் பார்க்காததையும் விரல் கலந்துவிட்டிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து தள்ளினாள். ரசம் யார் கேட்டார்கள்? அவர்தான் கேட்டார். கல்யாணமாகி முதல் எட்டு வருஷம் பெஸாஹுக்குக் கொச்சிக்குத்தான் போவார்கள். அங்கே மாமியார் ரிப்காவின் சமையலறை நிலைப்படியில் ஒரு முக்காலி போட்டுத் தெய்வானையை உட்காரவைப்பார்கள். பேச்செல்லாம் பிரியமாகத்தான் இருக்கும். சாப்பிட்டாயா மோளே, தலை வலிக்கிறதா மோளே. ஆனால் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க அவள் கை நீண்டால் மட்டும் மாமியார் முகம் மாறிவிடும். நீ தொடாதே மோளே. அதட்டல் இல்லை, சூடான அடுப்பிலிருந்து குழந்தையை விலக்குகிற குரல்தான். அதனால்தான் இன்னும் வலித்தது. தெய்வானை அவர்கள் சனம் இல்லை. மாறிக்கொள்ளலாம் என்றாலும் அதற்கான பெரியவர்கள் அந்த ஊரில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. மிஞ்சியிருந்த கொஞ்சம் பேரும் ஒவ்வொரு குடும்பமாக இஸ்ரேலுக்குக் கப்பலும் விமானமும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பள்ளி என்று அவர்கள் சொல்கிற ஜெபக்கூடத்துக்குப் போனால் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாள். மாமனார் காலமானார், மைத்துனர்கள் மாமியாரோடு இஸ்ரேலுக்குப் போனார்கள், கொச்சி வீடு பூட்டியாயிற்று. அப்புறம் ஒரு பங்குனியில் எலியாகு பம்புக் கம்பெனியிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், இனிமேல் பெஸாஹ் நம்ம வீட்டிலதான் தெய்வா, நீதான் செய்யணும் என்றார். அன்றைக்கு அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான். நிலைப்படியிலிருந்து எழுந்து உள்ளே போன மாதிரி இருந்தது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துச் சாறு பிழிந்தாள், பம்பாயிலிருந்து வந்த புளிக்காத அப்பத்தைக் காவிக் கலர் துணியில் சுற்றி வைத்தாள், கசப்புக்கீரை கிடைக்காமல் முருங்கைக் கொழுந்தைப் பறித்தாள். எல்லாம் அவர் வீட்டுச் சாமான், அவர் வீட்டுப் பழக்கம். உன் பங்குக்கு ஏதாவது ஒண்ணு வை என்று அவர் சொன்னார். அவள் பங்குக்கு அவள் ரசம் வைத்தாள்.

அந்த ஒன்றில்தான் மாவு இருந்திருக்கிறது. எல்லாவற்றிலும் அவர்கள் சொன்னபடி, சொன்னதற்கு ஒரு படி மேலாகவே செய்துவிட்டு, தன்னுடையது என்று கொண்டுவந்து வைத்த ஒரே ஒரு கிண்ணத்தில் கோட்டை விட்டிருக்கிறாள். அப்புறம் அந்தக் கேள்விகள். பெஸாஹ் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வீட்டிலேயே சின்னவர் யாரோ அவர் எழுந்து, இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்கவேண்டும். பெரியவர் பதில் சொல்லவேண்டும். அதற்காகத்தான் குழந்தைகள். இவர்களுக்குக் குழந்தை இல்லை. எலியாகுவைவிட ஆறு வயது இளையவள் என்பதால் அறுபத்திரண்டு வயதிலும் இந்த வீட்டின் சின்னவள் தெய்வானைதான். முட்டி வலியோடு எழுந்து நின்று, கை கட்டிக்கொண்டு, ஏனுங்க இந்த ராத்திரி மட்டும் இப்படி என்று தமிழில் கேட்பாள். அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாங்கள் எகிப்தில் அடிமையாக இருந்தோம் என்று தொடங்குவார். போன வருஷம் பதில் பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனியில் நெஞ்சு அடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள். ஐயோ. இந்த நினைப்புக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்றுதானே ஒன்பது மணியிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தாள், கடைசியில் விரல் அங்கேதான் போய் இடித்தது.

ரிப்கா ஒரே ஒரு தடவைதான் இந்த வீட்டுப் பெஸாஹுக்கு வந்தாள். அன்றைக்குச் சமையலறையில் தெய்வானை பக்கத்தில் நின்று, அவள் கையால் பாத்திரம் எடுக்கிறதைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக ஒன்று சொன்னாள். பெஸாஹ் சமையலில் பெண்பிள்ளை கை தவறினால் அந்த வருஷம் வீட்டு ஆணுக்கு ஆகாது, எங்கள் அம்மைமார் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள், பார்த்துச் செய் மோளே. சொல்லிவிட்டு ரசத்தை மூன்று கரண்டி வாங்கிக் குடித்தாள். நாலாவதுக்கும் கிண்ணத்தை நீட்டப் போய் வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டாள். அந்த ஆடியில் செத்துப்போனாள். எண்பத்தெட்டு வயது, சாகிற வயதுதான், ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். ஆனாலும் ஆடி. பெஸாஹ் கழிந்து நாலே மாதம். எலியாகுவுக்கு ஆனி. அது மூன்றே மாதம். அப்படியானால் மற்ற இருபத்துநாலு வருஷம் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி எதிர்க்கேள்வி கேட்டாள், அவள் படித்தவள், பம்புக் கம்பெனியில் பதினாலு வருஷம் டைப் அடித்தவள். இன்னொருத்தி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் முந்தானைக்கு அடியில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, சிட்டிகை சிட்டிகையாக நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த இரண்டாமவள் வாயை அந்தப் படித்தவளால் மூட முடியவில்லை.

பேசாமல் ஒன்று செய்யலாம். இதோ அவர் ரொட்டித்தூளைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாரே, அதற்குள் டப்பாவைத் திணித்துவிட்டால் போதும். எரிந்துவிடும். இன்றைக்கு ரசத்தில் பெருங்காயம் போடாமல் விட்டு, கடையில் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். பாவம், அவர் சந்தோஷமாக இருப்பார், இருபத்தாறு வருஷமும் அப்படியே முழுசாக அவர் கையில் இருக்கும். அதைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? நெஞ்சுக்காரர் வேறு. ஆனால் இன்றைக்கு ராத்திரி எழுந்து நின்று கேள்வி கேட்கவேண்டுமே, இதை வயிற்றில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது? முடியாது. அப்போதுதான் இன்னொரு யோசனை வந்தது, வந்ததும் அரிசி தள்ளுகிற விரல் நின்றுவிட்டது. கீழ் வீட்டு நசீமாவிடம் நேற்றே கோதுமை மாவு டின், ரவை, சேமியா எல்லாம் போய்விட்டது. எட்டு நாளைக்கு அது விற்ற கணக்கில் நசீமாவுடையது. யூதர் அல்லாத வேற்று ஆளுடைய மாவு இந்தக் கூரைக்குக் கீழேயே இருந்தாலும் தனக்குக் குற்றமில்லை, சட்டம் அப்படி என்று எலியாகுதான் சொல்லியிருக்கிறார். தெய்வானையும் வேற்று ஆள்தானே? டப்பாவை அவள் வாங்கினாள், அவள் வைத்துக்கொண்டாள், அது அவளுடையது. தெரியாமல் தின்றது தெரியாமல் தின்றதோடு போகட்டும். அவர் வீட்டில் அவருடைய புளித்த மாவு ஒரு நாளும் இருந்ததில்லை. கொச்சியில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்களே, அந்த நிலைப்படிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டால் போதும், அவருடைய இருபத்தாறு வருஷமும் சுத்தமாகிவிடும். அவர் நெஞ்சுக்கும் ஒன்றும் வராது. இவ்வளவுதானே, போய் உட்கார்ந்தால் ஆயிற்று என்று நினைத்தாள். நினைத்த உடனே அழுகை வந்தது. அரிசியில் ஈரம் பட்டுவிடக்கூடாதே என்று தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"தெய்வா, தீப்பெட்டி எங்கே?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மணி பத்து நாற்பது. தீப்பெட்டியை எடுத்தாள், டப்பாவையும் எடுத்தாள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. எலியாகு வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் அந்தச் சின்ன வெள்ளைக் குல்லாவோடு, மூன்று செங்கலுக்கு நடுவே பொட்டலத்தை வைத்துத் தயாராக நின்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு கழுத்து மெலிந்துபோய்விட்டது. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததில் பாதி அவளுக்கு மறந்துபோனது.

"என்னங்க, ஒண்ணு சொல்லோணும்" என்று டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"இதுல மட்டும் இல்லீங்க. எல்லா வருஷமும் இதேதான் வாங்கினேன்."

எலியாகு தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். "இருபத்தாறு வருஷம்" என்றார். அப்புறம், "எங்கம்மா வந்த வருஷமும்" என்றார். அவர் முகம் சுருங்கியது. வலித்திருக்கிறது, வலிக்காது என்று அவள் நினைக்கவும் இல்லை. அவளுக்குப் படபடவென்று வந்தது, மூச்சு விடாமல் சொன்னாள். "உங்களுக்கு அதுல குத்தம் வராதுங்க. நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். டப்பா நான் வாங்கினது, என்னோடது. நசீமா வீட்டு மாவு மாதிரித்தான். நான் உங்க சனம் இல்லையே. வேத்தாளோடது வீட்டுல இருந்தா உங்களுக்குப் பாவமில்லைன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. அப்படி வெச்சுக்கலாங்க. உங்கம்மா சொன்னாங்க, கை தவறினா ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு. போன ஆனியில உங்களுக்கு..."

"நெஞ்சடைப்பு முப்பது வருஷம் சிகரெட் குடிச்சதுக்கு வந்தது" என்றார் எலியாகு. "அதைத் தூக்கி உன் ரசத்து மேலே போடாதே." குரலில் கோபம் இருந்தது. கல்யாணமாகி இந்தக் கோபத்தை அவள் பார்த்தது ரொம்பக் குறைவு. "எவ்வளவு நேரமா உட்கார்ந்து இதை யோசிச்சே?"

"ஒம்போது மணியிலிருந்துங்க."

"ஒம்போது மணியிலிருந்து யோசிச்சு நீ வேத்தாள்னு கண்டுபிடிச்சியாக்கும்" என்றார். "அப்போ இருபத்தாறு வருஷமா மேஜையிலே எழுந்து நின்னு என்கிட்டே கேள்வி கேட்கிறது யாரு? நான் யாருக்குப் பதில் சொல்லிட்டு இருந்தேன்? நாங்கள் அடிமையாக இருந்தோம்னு நான் சுவத்துக்கா சொன்னேன் தெய்வா?" அவள் பக்கத்தில் போய் நின்றாள், முதுகில் கை வைக்கலாமா என்று தெரியாமல் நின்றாள், பிறகு வைத்தாள். முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. அவர் எழுந்து டப்பாவைப் பொட்டலத்தின் மேல் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். காற்றுக்கு இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதுக்கு அவள் முந்தானையை மறைவாகப் பிடித்தாள். அட்டை கருகி, உள்ளேயிருந்து பெருங்காய வாசனை குப்பென்று மாடி முழுக்க அடித்தது, அடுத்த வீட்டு மாடியில் யாரோ தும்மினார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எரிச்ச பிறகு ஒண்ணு சொல்லுவேனே, அது என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவளுக்குச் சத்தம் மட்டும் தெரியும். பாட்டு மாதிரியும் இல்லாமல் பேச்சு மாதிரியும் இல்லாமல் நாலு வரி. "இந்த வீட்டிலே என் கையில் இருக்கிற புளிச்சதெல்லாம், நான் கண்டது, காணாதது, எடுத்தது, எடுக்காமல் விட்டது, எதுவும் எனக்குச் சொந்தம் இல்லை, மண்ணுக்குச் சமானம். அவ்வளவுதான். அதைச் சொந்தக்காரன் சொல்லணும். டப்பா உன்னோடதுன்னு நீயே சொல்லிட்டே. அப்போ நீதான் சொல்லணும்." கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "நீ வேத்தாளா இருந்தா சொல்லவே வேண்டாம். வேத்தாளுக்கு இந்தச் சட்டம் கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். சொல்றியா, கீழே போறியா? மணி பத்து அம்பத்திரண்டு."

"எனக்கு அந்தப் பாஷை வராதுங்களே."

"புரியற பாஷையிலேதான் சொல்லணும். புரியாமல் சொன்னால் செல்லாது."

தெய்வானை புகையைப் பார்த்தாள். கொச்சி நிலைப்படி ஒரு நிமிஷம் மனசில் வந்து நின்றது, ரிப்காவின் கை வந்தது, தொடாதே மோளே வந்தது. கிண்ணத்தை நாலாவது தடவை நீட்டி இழுத்துக்கொண்ட அதே கைதான். முந்தானையைச் சரிசெய்து தலையில் போட்டுக்கொண்டாள். "என்ற ஊட்டுல" என்று தொடங்கினாள். சரியாகச் சொல்கிறோமா என்று நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் திருத்தவில்லை. "என்ற ஊட்டுல, என்ற கையில இருக்கற புளிச்சது பூராவும், நான் பார்த்தது, பார்க்காம உட்டது, எடுத்தது, எடுக்காம உட்டது, எதுவும் எனக்குச் சொந்தமில்லை. மண்ணோட மண்ணாப் போகட்டும்."

சாம்பல் பறந்தது. எலியாகு தலைகுனிந்து ஆமேன் என்றார். இத்தனை வருஷமும் அவர் சொல்லி முடிக்கக் காத்திருந்து, அந்த ஆமேனைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.